பழைய தவறை எங்கே இறக்கிவைப்பது: தனிஜெபத்திலா, பாவசங்கீர்த்தனத்திலா, ஆயரிடமா, நேரில் போயா?

மாதத்தின் முதல் ஞாயிறு. திருவிருந்துக்கு வரிசை வரிசையாக எழுந்து போகிறார்கள். ஒருவர் மட்டும் காலை ஒதுக்கி மற்றவர்களுக்கு வழிவிட்டு, உட்கார்ந்தே இருக்கிறார். இப்படிப் பல ஆண்டுகளாக உட்கார்ந்திருப்பவர்கள் நம் சபைகளில் உண்டு. கேட்டால் 1 கொரிந்தியர் 11-ஐச் சொல்வார்கள்: அபாத்திரமாய்ப் புசித்தால் ஆக்கினைத்தீர்ப்பு. அதே அதிகாரத்தின் 28-ஆம் வசனத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். ‘எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்’ என்றுதான் இருக்கிறது. சோதித்தறிந்த பிறகு எழுந்து வரச் சொல்கிறார் பவுல். ஒதுங்கியே இரு என்று ஓரிடத்திலும் எழுதவில்லை.

அப்படி உட்கார்ந்திருப்பவருக்கு இன்னொரு பிரசங்கம் தேவையில்லை. என்றோ செய்த ஒரு காரியத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று அவர் முடிவெடுக்க வேண்டும். நம் மரபில் இதற்கு நான்கு வழிகள் வழக்கத்தில் உள்ளன: ஆண்டவரிடம் தனியாக அறிக்கையிடுவது, குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்வது, ஆயரிடமோ (சபைப் போதகரிடமோ) நம்பிக்கையான விசுவாசியிடமோ மனம்திறப்பது, பாதிக்கப்பட்டவரிடமே போவது. நான்கும் நல்லவையே. ஆனால் தலைவலி மாத்திரை எலும்பு முறிவுக்கு உதவாது. இங்கும் அப்படித்தான்: தேர்ந்தெடுத்த வழி பொருந்தாமல் போனதை, ‘என் விசுவாசம் போதவில்லை’ என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள்.

தேர்ந்தெடுக்கும் முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிய வேண்டும். இந்தக் காரியத்தை இதுவரை ஒரு மனிதக் காதாவது கேட்டிருக்கிறதா? இதனால் யாருக்காவது பணமோ பதிலோ இன்னும் பாக்கி நிற்கிறதா? இதே தவறை ஏற்கெனவே எத்தனை தடவை அறிக்கையிட்டாயிற்று? மூன்றாவது கேள்விதான் அதிகம் விட்டுப்போவது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ‘உன்னை நீயே மன்னித்துக்கொள்’ என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். வேதத்தில் அப்படி ஒரு கட்டளை கிடையாது. நம்மை நாமே விடுதலை செய்ய நமக்கு அதிகாரம் இருப்பதாக வேதம் எங்கும் காட்டவில்லை. 1 கொரிந்தியர் 4:3-இல் பவுல் எழுதுவது வேறு: ‘நானும் என்னைக்குறித்துத் தீர்ப்புச்சொல்லுகிறதில்லை.’ நியாயாசனத்திலிருந்து நாமே இறங்கிவிடுவதுதான் கிறிஸ்தவன் தனக்குக் காட்டக்கூடிய இரக்கம். கீழே வரும் வழிகள் எல்லாமே அந்த ஆசனத்தை விட்டு இறங்க உதவும் படிகள்.

தனிஜெபம்

யாரையும் கேட்க வேண்டாம், இன்றிரவே செய்யலாம். 1 யோவான் 1:9 வைக்கும் நிபந்தனை ஒன்றே ஒன்று: ‘நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால்.’ அன்றாடக் கோபம், நாக்கு தவறிய பேச்சு, செய்யாமல் விட்ட கடமை ஆகியவற்றுக்கு இது போதும். பெரிய காரியங்களுக்கும் பலருக்கு இதுவே போதுமானதாக இருந்திருக்கிறது.

பிழை நேர்வது சொல்லும் விதத்தில். ‘ஆண்டவரே, நான் பெரிய பாவி’ என்று அழுதுவிட்டு எழுந்தால் மனம் லேசாவதுபோல் இருக்கும். செவ்வாய்க்கிழமை பாரம் திரும்ப வந்துவிடும். காரணம், எதையும் சொல்லவே இல்லை. இருபது நிமிடம் ஒதுக்குங்கள். 51-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக, நிறுத்தி நிறுத்தி வாசியுங்கள். பிறகு செய்த காரியத்தை ஒரே வாக்கியத்தில், ஆண்டும் வினைச்சொல்லும் வரும்படி சொல்லுங்கள்: ‘2016-இல் அக்காவின் வளையலை அடகு வைத்தேன், கேட்டபோது தெரியாது என்றேன்.’ சூழ்நிலையை விளக்க வேண்டாம், ‘பணக்கஷ்டத்தில்’ என்ற சொல்லும் வேண்டாம். அதன்பின் 1 யோவான் 1:9-ஐச் சத்தமாக வாசித்து, அந்த வசனத்தின் ஓரத்தில் பென்சிலால் தேதி போடுங்கள். அடுத்தமுறை நினைவு வந்து குத்தும்போது மறுபடி முதலிலிருந்து அழத் தொடங்காமல் அந்தத் தேதிக்குப் போக வேண்டும். அதற்காகத்தான் தேதி.

இதோடு உபவாசம் சேர்ப்பதாக இருந்தால் ஒருவேளை உணவை விடுவது போதும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் இருக்கக் கூடாது. செய்த தவறுக்கு உடம்பைப் பட்டினிபோட்டுத் தண்டிப்பது ஏசாயா 58 சொல்லும் உபவாசமே கிடையாது. அங்கே உபவாசம் என்பது கட்டுகளை அவிழ்ப்பது, பசித்தவனுக்கு ஆகாரத்தைப் பகிர்வது.

தனிஜெபத்தின் குறை ஒன்றுதான், ஆனால் பெரிது. குற்றவாளி, வழக்கறிஞர், நீதிபதி மூவரும் ஒரே தலைக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். பத்து வருடம் மறைத்துவைத்த காரியத்தில் எது ஆண்டவருடைய குரல், எது நம் பயத்தின் குரல் என்று பிரித்தறிய முடிவதில்லை. ‘நான் அடக்கிவைத்தமட்டும், நித்தம் என் கதறுதலினாலே என் எலும்புகள் உலர்ந்துபோயிற்று’ என்கிறது சங்கீதம் 32. முதல் கேள்விக்கு உங்கள் பதில் ‘யாருக்கும் தெரியாது’ என்றால் தனிஜெபத்தோடு நிற்காதீர்கள்.

பாவசங்கீர்த்தனம்

கத்தோலிக்கருக்கு இந்த முடிச்சை அவிழ்க்க ஆயத்தமாக ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறையாவது செய்ய வேண்டும் என்று 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. இப்போதைய சடங்குமுறை 1973-இல் சீர்திருத்தப்பட்டது. ஒப்புரவு அருட்சாதனம் என்ற பெயரே இன்று அதிகம் புழங்குகிறது. பழைய ஞானோபதேசம் கற்றவர்களுக்கு ஐந்து படிகள் நினைவிருக்கும்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிச் செய்யமாட்டேன் என்ற பிரதிக்கினை, பாவங்களைக் குருவிடம் சொல்லுதல், அபராதம் தீர்த்தல்.

இதன் பெரிய பலம் இரகசியம். திருச்சபைச் சட்டம் 983 அந்த முத்திரையை மீறவே முடியாததாக வைக்கிறது; நேரடியாக மீறும் குரு அந்தக் கணமே திருச்சபை உறவிலிருந்து விலக்கப்படுகிறார். இப்படி ஒரு பாதுகாப்பு மற்ற மூன்று வழிகளில் எதற்கும் இல்லை. முகம் தெரியாமல் பேசத் தட்டி வைத்த இடம் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. பங்குத்தந்தைக்கு உங்கள் குரலே தெரியும், கூச்சமாக இருக்கிறது என்றால் வேறு பங்குக்குப் போகலாம். வேளாங்கண்ணி, பூண்டி போன்ற திருத்தலங்களில் உங்களை அறியாத குருக்கள் கேட்பார்கள்.

நீண்ட காலம் கழித்துப் போகிறவர்கள் தடுமாறுவது எண்ணிக்கையில். சாவான பாவங்களை, அதாவது மிகக் கனமானவற்றை, வகையோடும் எண்ணிக்கையோடும் சொல்ல வேண்டும் என்பது விதி (சட்டம் 988). துல்லியக் கணக்கு நினைவில்லை என்றால், ‘ஐந்து ஆண்டுகளாக, மாதம் இரண்டு மூன்று தடவை’ என்பது போதும். பிறர் பெயர் வேண்டாம், கதையும் வேண்டாம். ‘எட்டு வருடமாயிற்று, எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, உதவி செய்யுங்கள் சாமி’ என்று தொடங்கினால் குருவே கேள்வி கேட்டு நடத்திக்கொண்டு போவார். உண்மையாகவே மறந்துபோன பாவமும் அந்த மன்னிப்புக்குள் அடங்கும். பின்னால் நினைவுக்கு வந்தால் அடுத்தமுறை சொன்னால் போதும், அதற்காக நற்கருணையை விட்டு ஒதுங்க வேண்டியதில்லை.

எங்கே பிசகும்? தவக்காலத்தின் கடைசி வாரத்தில் நீண்ட வரிசையில் நின்றால், ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கும். வருடக்கணக்கில் சுமந்ததை அங்கே அவசரமாகக் கொட்டிவிட்டு, மூன்று ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபங்களை அபராதமாகப் பெற்று வெளியே வந்தால், ‘இவ்வளவுதானா?’ என்று மனம் நம்ப மறுக்கும். மன்னிப்பு குறைவாகக் கிடைத்துவிடவில்லை. கேட்கப்பட்டோம் என்ற உணர்வுதான் கிடைக்கவில்லை. ஆகவே இப்படிப்பட்ட காரியத்துக்குச் சாதாரண வாரநாளில் முன்கூட்டிச் சொல்லி நேரம் வாங்கிக்கொள்வது நல்லது.

ஆயரிடம், அல்லது நம்பிக்கையான ஒருவரிடம்

சீர்திருத்த சபைகளில் இதெல்லாம் இல்லை என்று நினைப்பது தவறு. லுத்தரன் சபைகள் ஏற்கும் 1530-ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் அறிக்கை, 11-ஆம் பிரிவில், தனிப்பட்ட பாவமன்னிப்பு அறிவிப்பு சபைகளில் நீடிக்க வேண்டும் என்கிறது. எல்லாப் பாவங்களையும் எண்ணிச் சொல்வது மட்டும் அவசியமில்லை என்று சேர்க்கிறது. அதற்கு அது காட்டும் வசனம் சங்கீதம் 19:12: ‘தன் பிழைகளை உணருகிறவன் யார்?’ ஆங்கிலிக்கன் மரபின் 1662-ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்தில், திருவிருந்துக்கு முன்னான புத்திமதி இன்னும் தெளிவாகப் பேசுகிறது: தன் மனச்சாட்சியைத் தானே அமைதிப்படுத்த முடியாதவர் ஊழியரிடம் வந்து தன் துக்கத்தைத் திறந்து சொல்லட்டும். முதல் ஞாயிறு உட்கார்ந்தே இருப்பவருக்கு அந்த மரபு எழுதிவைத்த பதில் இதுதான். யாக்கோபு 5:16 இன்னும் விரித்து, ‘உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு’ என்கிறது. கேட்பவர் ஆயராகத்தான் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

இந்த வழியின் பலம் உரையாடல். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசலாம், அழலாம், கேள்வி கேட்கலாம், அடுத்த மாதம் திரும்பவும் போகலாம். பலவீனம் இரகசியம். அது முழுக்கக் கேட்பவரின் குணத்தைப் பொறுத்தது. இந்தியாவில் இப்போதுள்ள சாட்சியச் சட்டமும் (பாரதிய சாக்ஷ்ய அதிநியம், 2023) வழக்கறிஞரிடம் பேசுவதற்குத் தரும் பாதுகாப்பைப் போதகரிடம் பேசுவதற்குத் தரவில்லை. எனவே சொல்லத் தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள்: ‘ஐயா, இது உங்களோடு இருக்கட்டும். ஆயரம்மாவுக்கும் தெரிய வேண்டாம்.’ அவர் முகத்தில் ஒரு தயக்கம் தெரிந்தால் அன்றைக்கு ஜெபம் மட்டும் கேட்டுக்கொண்டு வந்துவிடலாம். கெட்ட எண்ணமே இல்லாமலும் விஷயம் கசியும்: ‘இந்தச் சகோதரிக்காக பாரத்தோடு ஜெபியுங்கள்’ என்று ஜெபக்குறிப்பாக மாறி, வாரக்கடைசிக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். பெண்கள் தனியாக ஓர் ஆணிடம் பேசத் தயங்கினால், பெண்கள் ஐக்கிய சங்கத்தில் வாயடக்கமுள்ள மூத்தவர் ஒருவரைத் தேடுங்கள். யாரையாவது பற்றி அவர் உங்களிடம் இதுவரை புறம்பேசியிருக்கிறாரா என்று யோசித்துப் பார்த்தாலே தகுதி தெரிந்துவிடும்.

யாரிடம் சொல்கிறோம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு மத்தேயு 27-ஐவிட வேறு சாட்சி வேண்டாம். யூதாஸ் மனஸ்தாபப்பட்டான். வாய்திறந்து, ‘பாவஞ்செய்தேன்’ என்றான். முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான். மனந்திரும்புதலுக்கு நாம் எதிர்பார்ப்பதில் பெரும்பகுதி அங்கே நடந்துவிட்டது. கேட்டவர்கள் பிரதான ஆசாரியர்கள். அவர்கள் சொன்ன பதில், ‘எங்களுக்கென்ன, அது உன்பாடு.’ பேதுருவோ அதே வாரத்தில் இயேசுவை மறுதலித்துவிட்டும் மற்றச் சீஷர்களோடேயே இருந்தான். அதனால் கடற்கரையில் கரிநெருப்பருகே இயேசு கேட்ட மூன்று கேள்விகளுக்கு அங்கே இருந்தான். ‘அது உன்பாடு’ என்று சொல்லக்கூடிய ஒருவரிடம் உங்கள் துக்கத்தைக் கொண்டுபோகாதீர்கள், அவர் எவ்வளவு பெரிய ஊழியராக இருந்தாலும் சரி.

கூட்டத்தில் எழுந்து சாட்சியாகச் சொல்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதிதாக வெளியே வந்த காயத்தை மைக்கில் சொல்லச் சொல்லி யாராவது வற்புறுத்தினால் மறுத்துவிடுங்கள். அந்தச் சாட்சியில் உங்கள் மனைவியும் பிள்ளையும் இருக்கிறார்கள். ‘பரம்பரை சாபம், அதனால்தான் இப்படி’ என்று யாராவது சொன்னால் எசேக்கியேல் 18:20-ஐத் திறந்து வையுங்கள்: ‘குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை.’

நேரில் போவது

இரண்டாம் கேள்விக்குப் பதில் ‘ஆம்’ என்றால், எத்தனை ஜெபம் செய்தாலும் இந்த வழியைத் தாண்டிப் போக முடியாது. காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போகச் சொல்கிறது மத்தேயு 5:24. பணமாக இருந்தால் கணக்கே எழுதியிருக்கிறது: எண்ணாகமம் 5:7 முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டித் தரச் சொல்கிறது. தம்பியின் பங்கில் 2,00,000 ரூபாயை ஏமாற்றி எடுத்திருந்தால் 2,40,000. சகேயு நாலத்தனையாகத் தருவேன் என்றது அவன் உள்ளத்தின் சந்தோஷம். அதை எல்லோருக்கும் சட்டமாக்க வேண்டியதில்லை. மொத்தமாக முடியாவிட்டால் மாதத் தவணை சொல்லி, முதல் தவணையைக் கையோடு கொண்டுபோங்கள்.

வார்த்தையில் தவறு செய்திருந்தால், போகும் முன் தாளில் எழுதிப் பாருங்கள். நான் செய்தது என்ன, அது உனக்கு என்ன செய்தது, நான் இப்போது என்ன சரிசெய்கிறேன். இந்த மூன்றும் போதும். ‘ஆனால்’ என்ற சொல் வந்தால் அதிலிருந்து கடைசிவரை அடித்துவிடுங்கள். ‘உனக்கு வருத்தமாக இருந்திருந்தால்’ என்பதையும் அடியுங்கள். பாதி பழியை அவர்மேல் வைக்கும் வாக்கியம் அது. மன்னிப்பைக் கட்டாயப்படுத்தாதீர்கள். அவர் கதவைச் சாத்திவிட்டால் உங்கள் பங்கு முடிந்தது. ‘கூடுமானால் உங்களாலானமட்டும்’ என்றுதான் ரோமர் 12:18 கேட்கிறது.

இந்த வழியில் நடக்கும் மிகக் கொடிய தவறு, நம் பாரத்தை இறக்க அடுத்தவர் தலையில் ஏற்றுவது. பழைய உறவு ஒன்றைப் பற்றி, இப்போது குடும்பமாக வாழும் ஒரு பெண்ணிடம் போய் மன்னிப்புக் கேட்டால், கேட்டவருக்கு நிம்மதி, அவளுக்குப் புதிய பயம். குடிநோயிலிருந்து மீள்கிறவர்களுக்கான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இதை ஒன்பதாம் படியிலேயே தடுத்திருக்கிறது: ஈடுசெய்வது அவர்களையோ மற்றவர்களையோ காயப்படுத்தும் என்றால் நேரில் போகாதே. நேரில் போவதா வேண்டாமா என்பதை நீங்கள் தனியாக முடிவெடுக்க வேண்டாம். இரண்டாம் அல்லது மூன்றாம் வழியில் கேட்ட அந்த ஒருவரோடு சேர்ந்து முடிவெடுங்கள்.

காரியம் குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் என்றால் இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை. போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு அறிந்தவர் எவரும் தெரிவித்தாக வேண்டும் என்கிறது. அங்கே முதல் இரக்கம் அந்தக் குழந்தைக்கு.

பாதிக்கப்பட்டவர் இறந்துபோயிருந்தால்? பணம் என்றால் இனத்தாருக்கு என்கிறது எண்ணாகமம் 5:8. கடைசிக் காலத்தில் அம்மாவைப் பார்த்துக்கொள்ளவில்லை என்ற துக்கம் நம்மிடையே மிகச் சாதாரணம், மிகக் கனமானதும்கூட. அதே மூன்று வாக்கியங்களை எழுதி, நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் பூ வைக்கப் போகும்போது ஆண்டவர் முன்னிலையில் அங்கே நின்று வாசியுங்கள். பிறகு, இன்று உயிரோடிருக்கும் ஒரு முதியவருக்கு, அம்மாவுக்குச் செய்யாததில் ஒன்றை வாரம் ஒருமுறை செய்யலாம். தண்டனையாக எண்ணினால் மூன்று மாதத்தில் நின்றுவிடும். அம்மாவின் நினைவாகச் செய்தால் நிலைக்கும்.

பத்துமுறை அறிக்கையிட்டும் தீராதது

மூன்றாம் கேள்விக்கு ‘பல தடவை’ என்று பதில் வந்தால் மேலே சொன்ன நான்கையும் நிறுத்துங்கள். மறுபடி அறிக்கையிடுவது இங்கே மருந்தாக இல்லை, நோயின் பகுதியாகிவிட்டது. இயேசு சபையைப் பின்னாளில் நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இதே சிக்கலில் மாட்டினார். முழுப் பாவசங்கீர்த்தனம் செய்தும் ஏதோ விட்டுப்போயிற்று என்று திரும்பத் திரும்பப் போனார்; ஒரு வாரம் முழுக்கச் சாப்பிடாமல் இருந்து பார்த்தார், குருவானவர்தான் நிறுத்தச் சொன்னார். பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று முடிவெடுத்த பிறகுதான் அவருக்கு விடுதலை. எர்ஃபர்ட் மடத்தில் இளம் லுத்தரும் மணிக்கணக்காக அறிக்கையிட்டுவிட்டு, வெளியே வந்ததும் விட்டுப்போனதை நினைத்துத் திரும்ப ஓடியவர்தான். ஆகவே இது விசுவாசக் குறைவால் வருவதல்ல.

நினைவு அழிய வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். சபையைத் துன்பப்படுத்தியதைப் பவுல் கடைசிவரை மறக்கவில்லை. 1 கொரிந்தியர் 15:9-இல் ‘பாத்திரன் அல்ல’ என்கிறார். அடுத்த வசனம், ‘ஆகிலும் நான் இருக்கிறது தேவகிருபையினாலே இருக்கிறேன்.’ நினைவு வரும்போதெல்லாம் பத்தாம் வசனத்தையும் சேர்த்து வாய்விட்டுச் சொல்லிமுடிப்பதைப் பழக்கமாக்குங்கள். ஒன்பதில் நின்றுவிடுவதுதான் நம் வழக்கம்.

தினமும் இரவில் இஞ்ஞாசியார் கற்றுத்தந்த ஆன்ம சோதனை பத்து நிமிடம் செய்யலாம்: இரண்டு நிமிடம் நன்றி, ஒரு நிமிடம் வெளிச்சம் கேட்பது, நான்கு நிமிடம் இன்றைய நாளை மட்டும் காலையிலிருந்து பார்ப்பது, இரண்டு நிமிடம் மன்னிப்பு, ஒரு நிமிடம் நாளைக்கு ஒரே ஒரு காரியம். நன்றியை விட்டுவிட்டு நேராகக் குற்றம் தேடப் போகிறவர்களுக்குத் தூக்கம் கெடும். படுக்கையில் செய்யாதீர்கள், சாப்பாடு முடிந்து உட்கார்ந்தபடி செய்யுங்கள். குற்றம் தேடும் பழக்கம் மிக முற்றியிருந்தால் நடு நான்கு நிமிடத்தையும் விட்டு, ஒரு மாதத்துக்கு நன்றி மட்டும் சொல்லுங்கள்.

அப்படியும் ஒரே நினைவு தினமும் மணிக்கணக்கில் சுற்றினால், ஜெபம் சரியாகச் சொன்னோமா என்று திரும்பத் திரும்பச் சொல்லத் தோன்றினால், தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால், மனநல மருத்துவரைப் பாருங்கள். எண்ணச் சுழற்சி நோயும் (OCD) மனச்சோர்வும் பக்தியின் உடையில் வருவதுண்டு. இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. செத்துவிடலாம் என்று தோன்றினால் அடுத்த ஜெபக்கூட்டம்வரை காத்திருக்க வேண்டாம். இந்தியாவில் 14416 (டெலி மானஸ்), இலங்கையில் 1926. இரண்டும் கட்டணமில்லாதவை, தமிழில் பேசலாம். ஆயரிடம் சொன்னதையே மருத்துவரிடமும் சொல்லலாம், மருத்துவரிடம் போவதை ஆயரிடமும் சொல்லலாம்.

பல முடிச்சுகள் ஒன்றாக இருப்பவர்கள் முதலில் ஒரு காதைத் தேடுங்கள், பாக்கியைத் தீர்ப்பது அதன் பிறகு, இரவு நேரத்துப் பத்து நிமிடம் அதற்கும் பிறகு. அடுத்த முதல் ஞாயிறுக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆயருக்கு இந்த வாரமே ஃபோன் செய்து, வியாழனோ வெள்ளியோ ஒரு மணி நேரம் கேளுங்கள். ஞாயிறன்று வரிசை உங்கள் பெஞ்சுக்கு வரும்போது, பக்கத்தில் இருப்பவரோடு நீங்களும் எழுந்திருங்கள்.